கூம்பு அடுக்கிய கை

பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் என் மேசையில் ஒரு நோட்டு இருந்தது. பக்கவாதம் வந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் எத்தனை பிளாஸ்டிக் கூம்பு அடுக்கினார்கள் என்று அதில் எழுதி வைப்பேன். திங்கள்கிழமை நாலு, வெள்ளிக்கிழமை பதினொன்று. எண் ஏறினால் கை தேறுகிறது என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர். அறுபது வயது இருக்கும். அதில் நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து வலது கை விழுந்திருந்தது. ஆறு வாரத்தில் கூம்பை மளமளவென்று அடுக்க ஆரம்பித்தார். நான் மருமகளைக் கூப்பிட்டுப் பெருமையாக நோட்டைக் காட்டினேன்.

"இங்க நல்லாத்தான் அடுக்குதாவ சார். வீட்டுல டம்ளரைக்கூட இடது கையாலதான் எடுக்காவ" என்றார் அவர்.

படித்த பாடம்தான், பரீட்சையோடு மறந்திருந்தேன். 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்குச் சின்னத் தடுப்புகளை வரிசைப்படி தட்டிவிடும் வேலை கொடுத்தார்கள். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது ஜோராகச் செய்தார்கள். வரிசைகளை மாற்றி மாற்றிச் செய்தவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது தடுமாறியவர்கள் முந்திவிட்டார்கள். என் நோட்டில் இருந்ததெல்லாம் அந்த அறைக்குள், அந்த நிமிஷத்துக்கு, கை எப்படி இருந்தது என்ற கணக்கு. கற்றது எவ்வளவு என்பதற்கு அதில் இடமே இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. காத்தரின் லாங் குழுவினர் 2009-இல் வட அமெரிக்காவில் பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சைகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில், ஒரு அமர்வில் கையால் ஒரு வேலையைச் செய்து பழகுவது சராசரியாக 32 தடவைதான். நானும் ஒரு நாள் எண்ணினேன். முக்கால் மணி நேரத்தில் 28. மிச்ச நேரம் பிரஷர் பார்ப்பது, தோளைத் தளர்த்துவது, மகன் துபாயில் இருந்து போன் பண்ணுவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய கைக்கு 28 எந்த மூலைக்கு? 1959-இல் கிராஸ்மேன் என்ற ஆய்வாளர் சுருட்டு ஆலைத் தொழிலாளர்களின் வேகத்தை அளந்து பார்த்தார். பத்து லட்சம் சுருட்டு தாண்டிய பிறகும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டுதான் இருந்ததாம்.

அடுத்த வாரம் பீடித் தட்டையும் கத்தரியையும் கொண்டுவரச் சொன்னேன். ஆச்சி முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு களை வந்தது. புகையிலைத் தூளை மட்டும் வேண்டாம் என்றேன். ஸ்ட்ரோக் வந்தவர் கையில் அதைக் கொடுக்க மனசு வரவில்லை. பதிலுக்கு ரவை. ("உப்புமா பீடி" என்று அவரே பெயர் வைத்தார்.) கத்தரிப் பிடியில் துணி சுற்றிக் கொடுத்தேன். நாலு இலை வெட்டுவது, இரண்டு சுற்றுவது, நடுவில் தண்ணீர் டம்ளர், ஒரு பித்தான், மறுபடி இலை. எந்த வேலையும் நிலைத்துச் செய்ய விடவில்லை.

பார்க்கச் சகிக்கவில்லை. ரவை தரையெல்லாம். இரண்டு வாரம் நோட்டில் எண் இறங்கிக்கொண்டே போனது. பேசாமல் கூம்புக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். விரல் விரியவே மாட்டேன் என்கிற ஆரம்ப நாட்களில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது தேவைதான். இப்போதும் அப்படித்தான் தொடங்குகிறேன். அதிலேயே உட்கார்ந்துவிட்டதுதான் தப்பு.

என் வாயும் ஒரு இடைஞ்சல். தோளைத் தூக்காதீங்க, முழங்கையை நீட்டுங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் ஆச்சி கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ சொல்லச் சொல்ல கை தடுமாறுது தம்பி. கொஞ்சம் சும்மா இரேன்."

அதற்கப்புறம் ஐந்து இலைக்கு ஒரு தடவைதான் பேசினேன். அதுவும் முதலில் "எங்க தப்புச்சு ஆச்சி?" என்று கேட்டுவிட்டு. முழங்கை பற்றிய பேச்சையே விட்டேன். இலை மேல் வைத்து வெட்டும் அளவுத் தகட்டின் ஓரத்தை விட்டுக் கத்தரி விலகாமல் வெட்டுங்க என்றால் போதும், முழங்கை தானாக நீண்டது.

மூன்றாம் மாதம் மருமகள் வந்து, ஆச்சி வலது கையால் டம்ளரை எடுக்கிறார், சொளவில் உளுந்தும் புடைக்கிறார் என்றார். நான் சொளவை இங்கே பழக்கவே இல்லை. நூல் கட்டுவது மட்டும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இனிமேல் பீடி சுற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்றாலும், பூக்கட்ட முடியவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் குறைப்படுவார். போன வாரம் கையில் வாழைநாரும் ஒரு பொட்டலம் பிச்சியும் கொண்டுவந்திருந்தார்.