பச்சையாகவே இருந்த திரை

திங்கட்கிழமை காலை பினாங்குக் கிளையிலிருந்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் ஒரு டெலிவரிகூட என் ரிப்போர்ட்ல இல்லையே. சனிக்கிழமை லாரி ஓடுச்சே?"

நான் கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்கிறேன். முதன்மை சர்வர் இங்கே, அதன் நகல் பினாங்கில். இங்கே நடக்கும் ஒவ்வொரு தரவு மாற்றத்தையும் அங்கே அனுப்பிக்கொண்டே இருப்பது லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்ற வசதி. இரண்டிலும் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே கண்காணிப்புத் திரையைத் திறந்தேன். எல்லாம் பச்சை.

முதன்மை சர்வருக்குள் போய், இணைந்திருக்கும் நகல்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் பட்டியலைக் கேட்டேன். பதிவு ஒன்றுமே வரவில்லை. அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. நகலின் தாமதம் 60 நொடியைத் தாண்டினால் எச்சரிக்கை என்பதுதான் கண்காணிப்புக்கு நான் எழுதிய விதி. இணைப்பு அறுந்துவிட்டால் அந்த நகலுக்கான பதிவே அங்கே இருக்காது. பதிவு இல்லாதபோது தாமதம் என்ற எண்ணும் இல்லை. இல்லாத எண் எப்படி 60-ஐத் தாண்டும்?

பினாங்கு சர்வரின் லாக்கைப் பார்த்தேன். ஐந்து நொடிக்கு ஒருமுறை அதே வரி: டெலிவரி டேபிளில் ஒரு நெடுவரிசை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் முதன்மையில் மட்டும் புதிதாகச் சேர்த்த நெடுவரிசை அது. லாஜிக்கல் ரெப்ளிகேஷன் தரவைத்தான் கொண்டுபோகும், டேபிளின் அமைப்பில் செய்யும் மாற்றத்தைக் கொண்டுபோகாது. மாற்றத்துக்குப் பிறகு முதல் டெலிவரி பதிவான உடனே பினாங்குப் பக்கம் நின்றுவிட்டது. நின்றது அந்த ஒரு டேபிள் மட்டுமல்ல, அந்தச் சந்தாவில், அதாவது பினாங்கு வாங்கிக்கொள்ளும் டேபிள்களின் தொகுப்பில், இருந்த அத்தனையும்.

ரிப்போர்ட்டைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது டிஸ்க். ஒவ்வொரு மாற்றத்தையும் முதன்மை எழுதிவைக்கும் கோப்புகளுக்கு வால் (WAL) என்று பெயர். நகல் எதுவரை வாங்கியிருக்கிறது என்று முதன்மையில் குறித்துவைப்பது ரெப்ளிகேஷன் ஸ்லாட். பினாங்கு வாங்கிக்கொள்ளும்வரை அது வால் கோப்புகளை அழிக்க விடாது, அவை டிஸ்க்கில் சேர்ந்துகொண்டே போகும். போஸ்ட்கிரெஸின் 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ஒரு வரம்பு வைக்கலாம். நாங்கள் வைத்திருக்கவில்லை, தானாக வருவதும் வரம்பில்லாத நிலைதான். வரம்பு வைத்திருந்தால் டிஸ்க் தப்பியிருக்கும், ஸ்லாட் போயிருக்கும், நகலை முதலிலிருந்து எடுத்திருக்க வேண்டும். முதன்மையின் டிஸ்க் அன்று 91 விழுக்காட்டில் நின்றது. இன்னொரு நாள் போயிருந்தால் கோலாலம்பூரிலும் வேலை நின்றிருக்கும்.

சரிசெய்ய ஒரே வரிதான்: பினாங்கிலும் அந்த நெடுவரிசையைச் சேர்த்தேன். நகல் தானாக எழுந்து ஓட ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் அக்காவின் ரிப்போர்ட் நிறைந்துவிட்டது.

இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி தாமதம் எவ்வளவு என்பதல்ல, இருக்க வேண்டிய இணைப்பு இருக்கிறதா என்பதுதான். ஸ்லாட் உயிரோடு இருக்கிறதா, எத்தனை பைட் பின்தங்கியிருக்கிறது என்பதையும் தனியாகப் பார்க்கிறேன். புதிய நெடுவரிசை என்றால் முதலில் பினாங்கில், அப்புறம்தான் முதன்மையில். இவற்றோடு ஒவ்வொரு மாலையும் இரண்டு சர்வர்களின் நெடுவரிசைப் பட்டியலையும் ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. எல்லாவற்றிலும் நான் அதிகம் நம்புவது அதைத்தான். மற்ற எச்சரிக்கைகள் நகல் நின்ற பிறகுதான் சொல்லும், நிற்பதற்கு முன்பே சொல்லக்கூடியது இதுதான்.

போன மாதம் அது ஒரு வரி அனுப்பியது: வாடிக்கையாளர் டேபிளில், முதன்மையில் மட்டும், ஒரு நெடுவரிசை. உடனே எங்கள் குழுவின் மூத்தவரை அழைத்தேன். "ஆமாப்பா, இப்பத்தான் போட்டேன். இன்னும் யாரும் அந்த டேபிள்ல எழுதல," என்றார். "அண்ணே, அப்படியே இருக்கட்டும், யாரையும் எழுத விடாதீங்க," என்று சொல்லிவிட்டு பினாங்கு சர்வரைத் திறந்தேன்.