சின்ன மாமாவின் சூரியோதயம்

சின்ன மாமாவின் மூட்டு வலிக்கு மருத்துவர் சைக்கிள் ஓட்டச் சொன்னதன் பலனை இன்று விடியற்காலையில் எங்கள் குரோம்பேட்டைத் தெருவே அனுபவித்தது. புதிதாக வாங்கிய 1000 லூமென் விளக்கை முழு வெளிச்சத்தில் மினுக்கவிட்டபடி அவர் பால் வாங்கப் புறப்பட, எதிர் அடுக்ககத்துக் காவலாளி ஏதோ கார் வருகிறதென்று எண்ணி இரும்புக் கதவை அகலத் திறந்து சலாம் வைத்தார். மூன்றாம் வீட்டு அம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டதில் 15 புள்ளிக் கோலம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாய்கள் குரைக்கவும் மறந்து சந்துக்குள் ஓடின.

"விளக்கைச் சற்றுக் கீழே சாயுங்கள் மாமா, வெளிச்சம் தரையில் விழட்டும்" என்றேன்.

"தரையில் விழுந்தால் பள்ளமெல்லாம் தெரியுமே, பிறகு எவன் ஓட்டுவான்?" என்றார்.

மாமா டைனமோ காலத்து மனிதர். டயரை உரசிச் சுழலும் அந்த 6 வோல்ட் கருவி தரும் 3 வாட்டை முன்விளக்கும் பின்விளக்கும் பங்கிட்டுக்கொள்ளும். மிதித்தால் எரியும், நின்றால் அணையும். நாற்சந்தியில் காலூன்றி நிற்கையில், அதாவது விளக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஆள் இருந்த இடமே தெரியாது. அந்தக் குறையைத்தான் இப்போது வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்கிறார் போலும். ஜெர்மனியில் சைக்கிளின் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது, மினுக்கும் விளக்குக்கு அனுமதியே கிடையாது என்று ஸ்டுட்கார்ட் அக்கா தொலைபேசியில் எடுத்துச் சொன்னதற்கு, "அங்கே தெருவிளக்கு எரிகிறதம்மா" என்று முடித்துவிட்டார். எங்கள் தெருவிலும் எரியத்தான் செய்கிறது. விளக்கு எரிகிற தெருவில் சைக்கிள்காரர் வருவது பிறருக்குத் தெரிந்தால் போதும். அதற்கு அந்த விளக்கிலேயே இருக்கும் மிகக் குறைந்த வெளிச்சம் தாராளம்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவே, பின்னால் சிவப்பு விளக்கு வாங்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. முன்னால் இருப்பது தமக்கு, பின்னால் இருப்பது எவனுக்கோ, எவனுக்கோ தாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அவர் வாதம். தண்ணீர் லாரிகள் பறக்கும் அந்த வேளையை நினைத்து நினைத்து உறக்கம் கெட்ட அத்தை, தம் பணத்தில் ஒன்றை வாங்கி, சீட்டுக்கடியில் பொருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஓட்டுபவர் தம் பின்விளக்கைப் பார்க்க வழியில்லாததால் மாமாவுக்கு இன்னமும் செய்தி எட்டவில்லை. இரவில் அவர் உறங்கிய பிறகு அத்தை அதைக் கழற்றி மின்னேற்றி, அவர் எழுவதற்குள் மாட்டிவிடுகிறார். தம் கைப்பேசிச் சார்ஜரை யார் எடுத்துப் போகிறார்கள் என்று மாமா வீட்டில் எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இப்போதைக்குச் சந்தேகம் என்மேல்.