ஓரியல் சிதறல், ஓரியலற்ற சிதறல்: ஒரே ஒரு கூட்டலை முழுசாக எழுதிப் பாருங்கள்

சிதறல் பாடத்தை எடுத்ததும் பலரும் வரையறையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சிதறிய அலைகளுக்கிடையே நிலையான கட்டத் தொடர்பு இருந்தால், அதாவது அவற்றின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றுக்கொன்று மாறாத இடைவெளியில் வந்தால், ஓரியல் சிதறல்; இல்லாவிட்டால் ஓரியலற்ற சிதறல். வரையறை சரிதான். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அது கைகொடுக்காது. எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது செறிவுக்கான கூட்டலை ஒரு தாளில் முழுசாக எழுதிய பிறகுதான்.

நூறு அணுக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு அலை வருகிறது. செறிவு வேண்டுமென்றால் நூறு வீச்சுகளையும் கூட்டி, பிறகு வர்க்கப்படுத்த வேண்டும். விரித்து எழுதினால் 10,000 உறுப்புகள் வரும். அதில் 100 உறுப்புகள் ஒரு அலை தன்னோடு தானே பெருகியவை. மீதி 9,900 உறுப்புகள் வெவ்வேறு அணுக்களின் அலைகள் ஒன்றோடொன்று பெருகியவை. கட்டங்கள் தாறுமாறாக இருந்தால் இந்த 9,900-ம் கூட்டலும் கழித்தலுமாகச் சராசரியில் அடிபட்டுப்போகும். கையில் நிற்பது 100. எல்லாம் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் மொத்தம் 10,000. எண்ணிக்கைக்கும் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓரியல் என்றாலே செறிவு அதிகம் என்று பொருள் இல்லை. அந்த 9,900 உறுப்புகள் சில திசைகளில் எதிர்க்குறியோடு வந்து, மொத்தச் செறிவைச் சுழியம் வரை இறக்கிவிடும். படிகத்தில் பிராக் உச்சிகள் (அலைகள் ஒரே கட்டத்தில் சேரும் சில திசைகளில் தெரியும் செறிவு உச்சிகள்) கூர்மையாக நிற்பதும், இடையில் வெறுமையாக இருப்பதும் இதனால்தான். ஓரியல் சிதறல் அணுக்கள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்று சொல்கிறது. ஓரியலற்ற சிதறலுக்கு அந்தச் செய்தி தெரியாது. அது தனித்தனி அணுவின் கதையை மட்டும் சொல்லும்.

அடுத்தது, அதிகம் குழப்பும் இடம்: ஓரியலா என்பதும் மீட்சிச் சிதறலா (ஆற்றல் மாறாத சிதறலா) என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். எக்ஸ் கதிர்களில் இவை பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்று போலத் தோன்றும். இயற்பியலாளர் காம்ப்டன் 1923-இல் வெளியிட்ட முடிவில், கிராஃபைட்டில் பட்டுச் சிதறிய, மாலிப்டினத்திலிருந்து வந்த எக்ஸ் கதிரில் இரண்டு உச்சிகள் இருந்தன. ஒன்று பழைய அலைநீளத்திலேயே, சுமார் 0.71 ஆங்ஸ்ட்ராமில். இன்னொன்று தள்ளிப்போய்; 90 பாகையில் அந்த நகர்வு 0.024 ஆங்ஸ்ட்ராம். முதலாவது ஓரியல், இரண்டாவது ஓரியலற்றது. ஆற்றல் மாறினால் ஓரியல் போய்விடும் என்று இதை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடத் தோன்றும். நியூட்ரானுக்கு வந்தால் அது நிற்காது. ஃபோனானை (படிக அதிர்வின் ஆற்றல் துணுக்கை) உண்டாக்கும் நியூட்ரான் ஆற்றலை இழக்கிறது, ஆனாலும் அந்தச் சிதறல் ஓரியல்தான்; இயற்பியலாளர் பிராக்ஹவுஸ் படிக அதிர்வுகளை அளந்தது இப்படித்தான். அவருக்கும் நியூட்ரான் சிதறலில் உழைத்த ஷல்லுக்கும் 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது. மறுபக்கம் வனேடியம்: ஆற்றல் மாறாத சிதறலிலும் ஏறக்குறைய முழுக்க ஓரியலற்றது. பிராக் உச்சிகள் மிக மிகச் சிறியவை என்பதால்தான் மாதிரியை வைக்கும் குப்பியை அதில் செய்கிறார்கள்.

சரி, ஒரே தனிமத்தில் ஓரியலற்ற சிதறல் எங்கிருந்து வருகிறது? இதற்கு ஹைட்ரஜனைக் கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நியூட்ரானின் ஸ்பின்னும் (துகளின் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு) ஹைட்ரஜன் அணுக்கருவான புரோட்டானின் ஸ்பின்னும் சேர்ந்து மொத்த ஸ்பின் ஒன்றாக இருந்தால் சிதறல் நீளம், அதாவது அந்த அணுக்கரு தரும் சிதறலின் வலுவையும் குறியையும் சொல்லும் எண், 10.85 ஃபெம்டோமீட்டர். மொத்தம் சுழியமானால் மைனஸ் 47.5. முதல் நிலைக்கு மூன்று வாய்ப்பு, இரண்டாவதற்கு ஒன்று. எனவே சராசரி: 10.85-இன் முக்கால் பங்கு 8.14, 47.5-இன் கால் பங்கு 11.88; கழித்தால் மைனஸ் 3.74. இரண்டு பெரிய எண்கள் மோதி ஏறக்குறையக் காணாமல் போகின்றன. சராசரியின் வர்க்கத்தை நான்கு பையால் பெருக்கினால் ஓரியல் குறுக்குப் பரப்பு (சிதறும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்லும் அளவு), வெறும் 1.76 பார்ன்; பார்ன் என்பது அதை அளக்கும் அலகு. வர்க்கங்களின் சராசரியை எடுத்து அதே மாதிரி பெருக்கினால் சுமார் 82 பார்ன். வித்தியாசம் 80. அதுதான் ஓரியலற்ற பங்கு.

இந்த எண்கள் ஒருமுறை உங்கள் கையிலிருந்து வந்துவிட்டால், வாய்மொழித் தேர்வில் வழக்கமாக வரும் ‘ஹைட்ரஜன் உள்ள மாதிரியில் பின்னணி ஏன் இவ்வளவு அதிகம்?’ என்ற கேள்விக்குத் தயங்கவே வேண்டாம். கூடவே இதையும் சொல்லுங்கள்: அந்த ஓரியலற்ற சிதறலில் மூன்றில் இரண்டு பங்கு நியூட்ரானின் ஸ்பின்னைத் திருப்பிவிடுகிறது. ஸ்பின் திரும்பினால் எந்த அணுக்கரு சிதறடித்தது என்ற தடம் மிஞ்சிவிடும். தடம் மிஞ்சினால் வேறு அணுக்கருவின் அலையோடு குறுக்கீடு நடக்காது. ஐசோடோப்புகள் கலந்திருப்பதால் வரும் ஓரியலற்ற சிதறல் வேறு வகை. அங்கே தடம் எதுவும் இல்லை, சிதறல் நீளங்கள் ஒழுங்கில்லாமல் பரவியிருப்பது மட்டுமே காரணம். இரண்டையும் பிரித்துச் சொன்னால் தேர்வாளர் அடுத்த கேள்வியை ஆர்வத்தோடு கேட்பார்.

எண்ணிக்கையின் வர்க்கமாகச் செறிவு உயரும் அந்த வர்க்க விதி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்பினால் நியூட்ரினோவைப் (பொருளோடு மிக அரிதாகவே மோதும் நுண்துகள்) படியுங்கள். ஆற்றல் குறைவாக இருந்தால் அது முழு அணுக்கருவோடும் ஓரியலாகச் சிதறும், வாய்ப்பு ஏறக்குறைய நியூட்ரான் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து உயரும் என்று 1974-இல் இயற்பியலாளர் ஃப்ரீட்மன் சொன்னார். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 14.6 கிலோ சீசியம் அயோடைடு படிகத்தை வைத்து 2017-இல்தான் அதைக் கண்டார்கள். மோதலில் அணுக்கரு பெறும் பின்னுதைப்பு அவ்வளவு சிறியது.

அப்புறம், ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்துக்கு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சிதறல் நீளங்கள் 9.53, 0.98 ஃபெம்டோமீட்டர், வாய்ப்புகள் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று. ஒரு பார்ன் என்பது 100 சதுர ஃபெம்டோமீட்டர். ஓரியல் பங்கு சுமார் 5.6 பார்னும் ஓரியலற்ற பங்கு சுமார் 2 பார்னும் வர வேண்டும். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை மாற்றி வைத்தால் பின்னணி ஏன் இறங்குகிறது என்பதை அந்த இரண்டு எண்களை வைத்தே எழுதிவிடலாம்.