ஒரே பெயரில் இரண்டு விவசாயிகள் சங்கம்

திருவாரூரிலோ நாகையிலோ ஆட்சியர் அலுவலகம் முன்பு ‘தமிழ்நாடு விவசாயிகள் சங்கம்’ என்று பேனர் கட்டியிருந்தால், அதை வைத்து மட்டும் எந்தக் கட்சி என்று சொல்லிவிட முடியாது. சி.பி.ஐ. சங்கத்துக்கும் அந்தப் பெயர்தான், சி.பி.எம். சங்கத்துக்கும் அந்தப் பெயர்தான். இரண்டு கொடியும் சிவப்பு. நிறைவுரை யார் என்று பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். வயதானவர்கள் இன்னமும் சி.பி.ஐ.யை ‘வலது’, சி.பி.எம்.மை ‘இடது’ என்பார்கள். சி.பி.ஐ. தோழரிடம் ‘வலது’ என்று சொல்லிப் பாருங்கள், டீ ஆறிப்போகும் வரை விளக்கம் வரும்.

1964 ஏப்ரலில், அதுவரை ஒன்றாக இருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து பி.ராமமூர்த்தி, என்.சங்கரய்யா போன்றவர்கள் அந்த 32 பேரில் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியேறியவர்களுக்குக் கல்கத்தாவில் ஒரு மாநாடு, மற்றவர்களுக்குப் பம்பாயில் ஒரு மாநாடு. முதலாவது சி.பி.எம்., இரண்டாவது சி.பி.ஐ. காகிதத்தில் இருந்த சண்டை இதுதான்: இந்திய முதலாளி வர்க்கத்தில் நம்பத்தக்க பகுதி உண்டா, காங்கிரஸை எப்படிப் பார்ப்பது, புரட்சிக்கு யார் தலைமை? சி.பி.ஐ. தேசிய ஜனநாயகப் புரட்சி என்றது, சி.பி.எம். மக்கள் ஜனநாயகப் புரட்சி என்றது. 1969-ல் நக்சல்பாரி வழியில் எம்.எல். (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) கட்சி வந்தது; அந்த வழியினர் புதிய ஜனநாயகப் புரட்சி என்றார்கள். மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கிளைக் கூட்டத்தில் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் எல்லாக் கட்சியிலும் குறைவு.

டெல்டாவில் பிளவு பெரும்பாலும் ஊர்வாரியாகத்தான் விழுந்தது. 1943-ல் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து சேரிசேரியாகச் சங்கம் கட்டினார். பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த சாணிப்பாலும் (சாணிக் கரைசலைக் குடிக்கவைப்பது) சவுக்கடியும் ஒழிந்தது அந்தப் போராட்டத்தால். அவர் 1961-ல் இறந்தார். அடுத்த மூன்றாண்டில் கட்சி உடைந்தபோது, தங்கள் ஊர்த் தலைவர் எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கம் கிளையும் போனது. அதனால்தான் இன்றைக்கும் திருத்துறைப்பூண்டி வட்டாரம் கதிர் அரிவாள், கீழ்வேளூர் வட்டாரம் சுத்தியல் அரிவாள் நட்சத்திரம். இதைத் தத்துவ வேறுபாடு என்று சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் சிரிப்பார்கள்.

தேர்தல் கணக்கு இதைவிட வெளிப்படையானது. 1967 சட்டமன்றத் தேர்தலில் சி.பி.எம். தி.மு.க. கூட்டணியில் 11 இடம் பெற்றது, சி.பி.ஐ. அதற்கு வெளியே நின்று 2 இடம். 1971-ல் தலைகீழ்: தி.மு.க.வோடு சேர்ந்த சி.பி.ஐ.க்கு 8, தனியாக நின்ற சி.பி.எம்.முக்குப் பூஜ்யம். 1977 சட்டமன்றத் தேர்தலில் சி.பி.எம். அ.தி.மு.க.வோடு, சி.பி.ஐ. காங்கிரஸோடு. நாகப்பட்டினத்தில் ஆர்.உமாநாத் வென்றது அந்த முறைதான். ஒவ்வொரு முறையும் வெளியே நின்ற கட்சி உள்ளே போன கட்சியைச் சந்தர்ப்பவாதி என்றது, பத்தாண்டுக்குள் பாத்திரங்கள் மாறின. நெருக்கடி நிலையை ஆதரித்தது தவறு என்று சி.பி.ஐ. 1978 பட்டிண்டா மாநாட்டில் ஒப்புக்கொண்டது. இப்படி ஒப்புக்கொள்கிற கட்சிகள் அரிது. அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுக்க எதிர்த்தரப்புத் தோழர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

2016-ல் இருவரும் ஒன்றாகவே மக்கள் நலக் கூட்டணியில் நின்றார்கள். தி.மு.க.வும் வேண்டாம், அ.தி.மு.க.வும் வேண்டாம் என்று, கொள்கைச் சுத்தமாக. இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. 2019-ல் தி.மு.க. அணியில் சேர்ந்து நாகையை சி.பி.ஐ. வென்றது. பிறகு, இடதுசாரிகளுக்குத் தேர்தல் செலவுக்குப் பணம் கொடுத்ததாகத் தி.மு.க. தாக்கல் செய்த கணக்கு வெளிவந்தது: சி.பி.ஐ.க்கு 15 கோடி, சி.பி.எம்.முக்கு 10 கோடி. தேர்தலையே புறக்கணிக்கச் சொல்லும் எம்.எல். குழுக்களுக்கு அது பல மாதப் பிரசுரங்களுக்குப் போதுமான விஷயம். ஆனால் அந்தக் குழுக்களும் தமக்குள் உடைந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே ஆள் குறைவு என்பதால் ஒவ்வொரு உடைப்பும் இன்னும் கசப்பாக இருக்கும்.

என் பார்வையில் உண்மையான விரிசல் கட்சிகளுக்கு நடுவில் இல்லை, ஒவ்வொரு கட்சிக்கும் உள்ளே இருக்கிறது. விவசாயிகள் சங்கம் ஒன்று, விவசாயத் தொழிலாளர் சங்கம் இன்னொன்று. முதலாவதில் இருப்பவர் மூன்று ஏக்கர் குத்தகைதாரர், பல ஊர்களில் இடைநிலைச் சாதி. இரண்டாவதில் இருப்பவர் பெரும்பாலும் தலித். பெரிய மிராசுதாரை எதிர்த்தவரை இருவரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்த முடிந்தது. இன்று கூலி உயர்வு கேட்டால் கொடுக்க வேண்டியவர் அந்த மூன்று ஏக்கர்காரர்தான். குறுவை அறுவடை நேரத்தில் மழை இறங்கிவிட்டால் அவர் அறுவடை இயந்திரத்துக்கு ஓடுவார். காய்ந்த வயல் என்றால் டயர் வண்டி, சேறு என்றால் பெல்ட் வண்டி. பெல்ட் வண்டிக்கு மணி வாடகை கூடுதல். வயல் ஈரமாகக் கிடந்தால் அந்தக் கூடுதலைக் கொடுத்தாவது அறுத்துவிடத்தான் பார்ப்பார். அறுப்புக் கூலி நெல்லை நம்பியிருந்த குடும்பத்துக்கு அந்தப் பருவ வருமானம் அதோடு போயிற்று. இதில் கட்சி எந்தப் பக்கம்? மேல்கமிட்டித் தீர்மானத்தில் ‘இருதரப்பு நலனும் பாதுகாக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். ஒன்றியக் குழுவில் அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வெண்மணி பற்றிய விவாதமும் இங்கேதான் வந்து முட்டுகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலிப் போராட்டம் என்று சிலர், சாதிப் படுகொலை என்று சிலர், தனித்தனியாக வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள். சேரியில் செங்கொடி பறந்ததைத்தான் மிராசுதார்களால் பொறுக்க முடியவில்லை. அதில் சாதியை எடுத்துவிட்டு வர்க்கத்தை மட்டும் காட்டுவதும், வர்க்கத்தை எடுத்துவிட்டுச் சாதியை மட்டும் காட்டுவதும் செத்தவர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை. அதற்குப் பிறகுதான் 1969-ல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

சரி, வெவ்வேறு கட்சிகளின் சங்கங்கள் சேர்ந்து ஒரு போராட்டம் நடத்துவது எப்படி? அளந்து சொல்லக்கூடிய கோரிக்கையாக இருந்தால் நடக்கும். அரசு கொள்முதலில் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் எடுப்போம் என்கிறார்கள், மழைக்காலத்தில் 22 வரை எடு என்று கேட்பது; 40 கிலோ மூட்டைக்கு எடை கூடுதலாகப் பிடிக்காதே என்பது; மூட்டைக்கு இவ்வளவு என்று கொள்முதல் நிலையத்தில் வாங்கும் மாமூலை நிறுத்து என்பது. இவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதோடு ‘மத்திய அரசே, மாநில அரசே’ என்று முழக்கம் எழுத ஆரம்பித்ததும் பிரச்சினை தொடங்கும். கூட்டணியில் இருக்கும் கட்சிக்கு மாநில அரசைக் கண்டிக்கச் சங்கடம், இல்லாத கட்சிக்கு அதுதான் முக்கியம். எனவே முழக்கங்களை முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மேடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மைக் பிடித்தவர் முழக்கம்தான்.

முதல் கூட்டத்தை எந்தக் கட்சி அலுவலகத்திலும் வைக்கக் கூடாது. நிறைவுரை பெரிய தலைவலி: யார் கடைசியில் பேசுகிறாரோ அவர்தான் தலைவர் என்று மறுநாள் செய்தி வரும். திருவாரூரில் ஒருவர், நாகையில் மற்றவர், மயிலாடுதுறையில் மூன்றாமவர் என்று மாவட்டம் மாற்றி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். போஸ்டரில் பெயர்களை அகர வரிசையில் போடுவது நல்லது. காவல்துறை அனுமதி மனுவில் மட்டும் ஒருவர் பெயர் போதும், ஆனால் வழக்கு வந்தால் செலவு எல்லோருக்கும் என்று முன்பே பேசிவிட வேண்டும். பல கூட்டமைப்புகள் போராட்டத்தின்போது உடைவதில்லை. ஓராண்டு கழித்து நீதிமன்ற வாய்தாவுக்கு ஆள் வராமல் உடைகின்றன.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகப் பேச்சுவார்த்தை. அதிகாரிக்கு வேலை எளிது: ஒரு சங்கத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கேட்டதில் பாதியைக் கொடுத்து, நிகழ்ச்சிக் குறிப்பில் கையெழுத்து வாங்கிவிடுவார். மறியல் வாபஸ். வெளியே காத்திருந்த மற்ற சங்கம் அதைத் துரோகம் என்று அறிவிக்கும், அடுத்த ஐந்து வருடத்துக்கு இருவரும் ஒரே பந்தலில் உட்கார மாட்டார்கள். சங்கத்துக்கு ஒருவர் வீதம் எல்லோரும் சேர்ந்துதான் உள்ளே போவது, யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை, குறிப்பின் நகல் அன்றே எல்லாச் சங்கத்துக்கும் வேண்டும் என்ற மூன்றையும் மனுவிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். அதிகாரி, விவசாயி, தொழிலாளர் என்று மூவரும் உட்கார்ந்து கூலி பேசும் முத்தரப்புக் கூட்டத்துக்கும் இதே நடைமுறைதான். அங்கே கூடுதலாக ஒன்று: விவசாயிகள் சங்கத் தோழரும் தொழிலாளர் சங்கத் தோழரும் ஒரே கட்சி என்றாலும், மேசையின் ஒரே பக்கத்தில் உட்காரக் கூடாது.