கதை எழுதியாயிற்று, சமர்ப்பிப்பதுதான் பெரும்பாடு

இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்ந்த முதுகலைப் படிப்பை முடித்துவிட்டேன், பட்டமும் உறுதியாகிவிட்டது. ஆனாலும் இறுதிப் படைப்பைச் சமர்ப்பித்த நாட்களை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வகுப்புகளும் தேர்வுக் கட்டுரைகளும் எந்தத் துறையிலும் நடப்பதுபோல நடந்து முடிந்தன.

பயிலரங்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பயிலரங்கின் வழியாகப் பரவிய வழக்கம் எங்கள் வகுப்பிலும் இருந்தது: கதையைப் பற்றி மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. வகுப்புத் தோழர்கள் சொல்லும் தீர்வுகளைக் குறித்துக்கொள்வதில் பயன் அதிகமில்லை. அவர்கள் எந்த வரியில் தடுக்கி நின்றார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். திருத்தி எழுதும்போது எனக்குக் கைகொடுத்தவை அந்தக் குறிப்புகள்தாம்.

தொல்லை தொடங்கியது, எழுத்து வேறெங்கிருந்தாவது எடுக்கப்பட்டதா என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில். சிறுகதைத் தொகுப்பைப் பதிவேற்றியதும் வந்த அறிக்கையில் முதல் கதை ஏறக்குறைய முழுவதும் சிவப்பாக இருந்தது. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்னும் இடத்தில் ‘மாணவர் கட்டுரை’ என்று மட்டும் இருந்தது. அந்த மாணவர் வேறு யாருமல்லர், நான்தான்: முந்தைய பருவத்தில் பயிலரங்கிற்காகப் பதிவேற்றிய அதே கதையின் முதல் வரைவை மென்பொருள் தன் சேமிப்பில் வைத்திருந்தது. இதை விளக்கியபோது அலுவலக ஊழியர் அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்காமல், “சதவீதம் அதிகமாக இருக்கிறது, திருத்திக் கொண்டுவாருங்கள்” என்றார். என் கதையை என்னிடமிருந்தே காப்பாற்ற நான் என்ன திருத்துவது? கடைசியில் நெறியாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும், பழைய பதிவேற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் மீண்டும் எடுத்த அறிக்கையும் சேர்ந்து சிக்கலை அவிழ்த்தன. வரைவுகளைப் பதிவேற்றும்போதே, அவை சேமிப்பில் சேராதபடி அமைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். பல மென்பொருள்களில் அதற்கு வழி உண்டு.

படைப்போடு இணைக்க வேண்டிய விமர்சன உரையைக் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைத்துத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதை எப்படி உருவானது என்ற நினைவோடை எழுதினால் மதிப்பெண் வராது; எந்த மரபிலிருந்து எதை எடுத்தீர்கள், கதைசொல்லியின் நிலையை ஏன் மாற்றினீர்கள் என்பவற்றைச் சான்றோடு வாதிட வேண்டும். ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாக வைத்திருந்ததால் எனக்கு இந்தக் கட்டம் எளிதாக முடிந்தது.

தொகுப்பின் முகப்பில் நான் வைத்திருந்த கவிதை வரிகளுக்கு உரிமையாளரின் அனுமதிக் கடிதம் எங்கே என்று அடுத்துக் கேட்டார்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை பொதுவாக ஆசிரியரின் மறைவுக்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகள் பதிப்புரிமையைக் காக்கச் சொல்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70. விமர்சன உரையில் ஆராய்வதற்காக மேற்கோள் காட்டுவது வேறு, அலங்காரமாக முகப்பில் வைப்பது வேறு என்று நூலகர் பொறுமையாக விளக்கினார். அந்த அலுவலகங்களில் என்னை உட்காரவைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். வரிகளை நீக்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், தொகுப்புக்கு அவற்றால் பெரிய பலம் ஒன்றும் இருக்கவில்லை.

என்னை அதிகம் பதறவைத்தது, ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகம் இணையத்தில் சேர்த்துவைக்கும் களஞ்சியத்திற்கான படிவம். ஆய்வேடுகளை யாரும் படிக்கும்படி உடனே வெளியிடுவது அறிவியல் மாணவருக்கு நல்லது. கதை எழுதியவருக்கோ அது வினை. முன்பே இணையத்தில் வந்ததை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் இதழ்கள் பல. வெளியீட்டைத் தள்ளிவைக்கும் வசதி படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ‘காப்புரிமை (patent) விண்ணப்பம் உள்ளவர்களுக்கு’ என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருந்தது. அது புதிய கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் என்று அலுவலகம் அடித்துச் சொன்னது. விதிமுறைக் கையேட்டைத் தேடி எடுத்து, ‘வணிகப் பதிப்பு நோக்கம்’ என்ற காரணமும் அதில் இருப்பதைக் காட்டிய பிறகே முத்திரை விழுந்தது.

வெளியீட்டைத் தள்ளிவைக்க எனக்கு மூன்று ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன. காலம் முடியுமுன் நீட்டிப்புக் கேட்டு நாம்தான் எழுத வேண்டும், அவர்கள் நினைவூட்ட மாட்டார்கள். ஒப்புதல் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழக முகவரி பட்டம் வாங்கிய சில மாதங்களில் முடக்கப்பட்டுவிடலாம்.