ஒரு மூட்டைக்கு ஒரு லாரியா?

ஓணத்துக்கு முந்தைய வாரம் வாளையாறு தாண்டும் காய்கறி லோடு கூடும். கஞ்சிக்கோடு, வேலந்தாவளம் பக்கத்து புக்கிங் ஆபீஸ்களில் பில் அடிக்கும் வேகமும் ஏறும். ஒவ்வொரு பில்லுக்கும் ப்ரோக்கருக்கு (செய்தியை வாங்கி வரிசையில் வைத்துக் கைமாற்றும் சர்வர்) புதுக் கனெக்‌ஷன் திறந்து மூடும் நிரல் அந்த வாரம்தான் மாட்டிக்கொள்ளும்.

மூடிய போர்ட்டை (ஒவ்வொரு கனெக்‌ஷனும் எடுக்கும் எண்) லினக்ஸ் 60 விநாடி, மறுபடி தராமல், டைம்-வெயிட்டில் பிடித்து வைக்கும். போர்ட் எண்களின் இயல்பான வீச்சு 32768 முதல் 60999 வரை. ஒரே ப்ரோக்கரிடம் விநாடிக்கு 470 கனெக்‌ஷனைத் தாண்டினால் ஒரு நிமிடத்தில் போர்ட் தீர்ந்துவிடும்.

ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் செய்தி அனுப்பும் ஜேஎம்எஸ் டெம்ப்ளேட் இதைத்தான் செய்கிறது: ஒவ்வொரு அனுப்புதலுக்கும் கனெக்‌ஷன், செஷன் (அதன்மேல் நடக்கும் ஒரு வேலைத் தொடர்), புரொடியூசர் (செய்தியை அனுப்புவது) மூன்றையும் திறந்து மூடும். அடியில், திறந்ததை மூடாமல் வைத்து மறுபடி கொடுக்கும் கேச்சிங் கனெக்‌ஷன் ஃபேக்டரியை வைத்தால் போதும். ஆனால் அதன் செஷன் கேச் அளவு இயல்பில் 1. இருபது த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) அனுப்பினால் 20 என்று மாற்றுங்கள்; மாற்றாவிட்டால் பிழை எதுவும் வராது, மிச்ச செஷன்கள் சத்தமில்லாமல் பிறந்து சாகும்.

பூல்டு-ஜேஎம்எஸ் என்ற லைப்ரரி வேறு ரகம். இயல்பில் 1 கனெக்‌ஷன், அதில் 500 செஷன். எங்காவது க்ளோஸ் விட்டுப்போனால் 501-வது கேட்கும் த்ரெட் காலவரையின்றிக் காத்து நிற்கும். லாகில் ஒரு வரி இராது. த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தால்தான் தெரியும். காத்திருப்புக்கு 5 விநாடி வரம்பு வைத்துவிடுவது நல்லது, பிழையாவது கண்ணில் படும்.

கனெக்‌ஷனைப் பல த்ரெட் பகிரலாம். செஷனைப் பகிரவே கூடாது. ட்ரான்சாக்‌ஷன் செஷனோடு கட்டுண்டது: ஒரு த்ரெட் தன் வேலையை உறுதியாக்கி கமிட் செய்தால் இன்னொன்றின் பாதி வேலையும் சேர்ந்து போய்விடும்.

செய்தியை வாங்கும் கன்ஸ்யூமரைப் பூலில் போடாதீர்கள். அதிகம் தவறுவது இங்கேதான். ஆக்டிவ்எம்க்யூ என்ற ப்ரோக்கர் ஒரு கியூ கன்ஸ்யூமருக்கு முன்கூட்டியே 1000 செய்தி வரை தள்ளிவிடும்; இதுதான் ப்ரீஃபெட்ச். கேச்சில் தூங்கும் கன்ஸ்யூமரிடம் அவை போய்ச் சேர்ந்தால் எடுக்க ஆளில்லை. பக்கத்து கன்ஸ்யூமர் கை காலியாக உட்கார்ந்திருக்கும், பில் வரவில்லை என்று கொச்சியிலிருந்து போன் வரும். கேட்கும் பக்கத்துக்கு ஸ்பிரிங்கின் லிஸனர் கன்டெய்னரும் (செய்திக்காகக் காத்திருந்து வாங்கும் பகுதி) கேச் இல்லாத தனிக் கனெக்‌ஷனும் கொடுங்கள். ஒரு செய்திக்கு அதிக நேரம் எடுத்தால் ப்ரீஃபெட்ச்சை 1 ஆக்குங்கள்.

இரவில் லோடு ஓய்ந்ததும் ஃபயர்வால் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனைச் சொல்லாமல் வெட்டும். கனெக்‌ஷன் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் கீப்அலைவ் முதல் சோதனைக்கே 7200 விநாடி எடுக்கும், அதை நம்பிப் பயனில்லை. ப்ரோக்கரின் ஹார்ட்பீட் (இருக்கிறேன் என்று அனுப்பும் சிறு சமிக்ஞை) இடைவெளியை ஃபயர்வாலின் வரம்புக்குப் பாதியில் வையுங்கள். இல்லையென்றால் விடிகாலை முதல் பில் செத்த கனெக்‌ஷனில்தான் போய் விழும்.