கத்தரிப்பூ நிறம்

மார்ச் 2

மீன் கழிவையே உரமாக்கிச் செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் தொடங்குகிறேன். மீன் தொட்டி, செடிகளுக்கான சரளைக்கல் வளர்படுக்கை எல்லாம் சேர்த்து 500 லிட்டர் தண்ணீர். மீன் கழிவின் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு செடிக்கு உணவாகும் நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியா. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நமக்கு வேண்டிய இந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அது பறந்து போக இரண்டு நாள் ஏர் பம்ப் ஓடட்டும். (கலந்திருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் என்றால் இந்த வித்தை பலிக்காது.) சரளைக்கல்லில் ஒரு பிடி எடுத்து வினிகரில் போட்டேன். நுரைக்கவில்லை, சுண்ணாம்புக்கல் இல்லை. பி.எச் 7.8. காரத்தன்மைக்கு, அதாவது தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் சக்திக்கு, சோதனைத் திரவம் 7 சொட்டு விட்டதும் நிறம் மாறியது; கணக்கில் 125 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). இதை ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 4

இப்போதே மீனைத் தொட்டியில் விட்டு, அம்மோனியாவில் அதை வதைத்துத் தண்ணீரைப் பழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மீனுக்குப் பதில், அம்மோனியா தரும் அம்மோனியம் குளோரைடு. 3 கிராமைக் கரைத்து ஊற்றினேன். மாலையில் அம்மோனியா 2 பிபிஎம். நண்பரின் மீன் தொட்டி வடிகட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒன்று வாங்கி வந்து வளர்படுக்கையில் பிழிந்தேன். அந்தப் பழுப்புச் சாறுதான் உறைமோர்.

மார்ச் 9

அம்மோனியா 2. நேற்றும் 2. முந்தாநாளும் 2. தண்ணீரின் வெப்பம் 27 டிகிரி, குறை சொல்ல முடியாது.

மார்ச் 14

அம்மோனியா 1-க்கு இறங்கிவிட்டது! நைட்ரைட் சோதனைக் குழாயில் பூஜ்யத்தின் வான்நீலம் போய் லேசான ஊதா. எனக்கு நிறம் பிரித்துப் பார்ப்பதில் எப்போதும் தகராறு. மகளைக் கூப்பிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி, வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்துவிட்டு, "கத்தரிப்பூ கலர்ப்பா, இப்பதான் பூக்குது" என்றாள்.

மார்ச் 19

15-ஆம் தேதியிலிருந்து தினமும் மாலை 3 கிராம். மறுநாள் மாலைக்குள் அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் மட்டும் கடைசிக் கட்டத்தின் கடும் ஊதாவில் நிற்கிறது. நைட்ரேட் 5 என்று காட்டியது. இவ்வளவு நாள் கழித்து வெறும் 5 என்றால் நம்பமுடியவில்லை.

மார்ச் 20

நைட்ரேட் சோதனைக் கிட்டின் தாளைப் பொறுமையாகப் படித்தேன். இரண்டாவது பாட்டிலை 30 விநாடி ஓங்கிக் குலுக்க வேண்டுமாம். அதில் இருப்பது அடியில் படியும் பொடி. குலுக்காவிட்டால் வெறும் நீர்தான் சொட்டும். மேசையில் தட்டித் தட்டிக் குலுக்கினேன், உடனே சிவப்பு. அதையும் நம்பக் கூடாது: நைட்ரைட் நிறைய இருந்தால் நைட்ரேட் கணக்கு ஏறித்தான் காட்டும். நைட்ரைட் பூஜ்யமாகும் வரை இந்தச் சோதனையே வேண்டாம்.

மார்ச் 24

நேற்று போட்ட அம்மோனியா அப்படியே இருக்கிறது. பத்து நாளாகத் தின்று தீர்த்தவை ஒரே இரவில் செத்துப்போயினவா? பம்ப் ஓடுகிறது, வளர்படுக்கைத் தண்ணீரை வடிக்கும் சைஃபன் இழுக்கிறது, வெப்பமும் சரி. கடைசியாகத்தான் பி.எச் பார்த்தேன். 9-ஆம் தேதிக்குப் பிறகு பார்க்கவே இல்லை. கிட்டில் இதற்கு மேல் இறங்க இடமில்லாத மஞ்சள், 6.0. காரத்தன்மைக் குழாயில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை மாற்ற, ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். நான் போடும் 2 பிபிஎம்-மில் நைட்ரஜன் 1.6, ஆக ஒரு தவணைக்குப் பன்னிரண்டு போல. பத்துத் தவணையில் 120. கையில் இருந்ததே 125. பாக்டீரியா சாகவில்லை, சமையலுக்கு விறகு தீர்ந்துவிட்டது.

மார்ச் 25

அந்த நைட்ரைட் ஊதாவின் அளவு என்ன என்றும் தெரிந்துகொள்ளத் தோன்றியது. ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு மில்லி தொட்டித் தண்ணீர், ஒன்பது மில்லி காய்ச்சி வடித்த நீர். அப்போதும் அட்டையில் 2-க்கும் 5-க்கும் நடுவில்! பத்தால் பெருக்கினால் 20-க்கு மேல். ஒரு பங்கு அம்மோனியா 2.7 பங்கு நைட்ரைட்டாகிறது. தினமும் ஊற்றியவன் நான்தான். டிரம்மில் புதுத் தண்ணீர் பிடித்து ஏர் பம்பைப் போட்டாயிற்று. அம்மோனியா நிறுத்தம்.

மார்ச் 27

பாதித் தண்ணீரை மாற்றினேன். காரத்தன்மை ஏற்ற 54 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டை மூன்று தவணையாகக் கரைத்தேன். சமையல் சோடாவும் வேலை செய்யும், ஆனால் சோடியம் செடிக்கு ஆகாது. பொட்டாசியமோ செடிக்குச் சாப்பாடு. இரவு காரத்தன்மை 7 சொட்டு.

மார்ச் 29

அம்மோனியா பூஜ்யம். நீர் கலந்து பார்த்ததில் நைட்ரைட் 1, அதாவது 10.

ஏப்ரல் 5

நைட்ரைட் குழாய் நீர் கலக்காமலே வான்நீலம். நம்பாமல் இன்னொரு குழாய். அதுவும் நீலம். இப்போதுதான் நைட்ரேட் பார்த்தேன்: 40-க்கும் 80-க்கும் நடுவில், செங்கல் சிவப்பு. நாற்றுகளை வளர்படுக்கைக்கு மாற்றினேன். மாலையில் ஒரு பரீட்சை: 3 கிராம்.

ஏப்ரல் 6

இருபத்துநான்கு மணி நேரம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். காரத்தன்மை ஒரு சொட்டு குறைந்து 6. இனி வாரம் இருமுறை இதையும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 9

பத்து மீன்குஞ்சுகள். பையோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டுப் பிறகு திறந்தேன். இன்று தீனி இல்லை.

ஏப்ரல் 12

அம்மோனியா குழாயில் பூஜ்யத்தின் மஞ்சளில் லேசாகப் பச்சை தட்டியதாகப் பட்டது. 0.25 இருக்கும் என்றேன். மகள் தாளில் வைத்துப் பார்த்தாள்.

"மஞ்சள்தான்ப்பா."

"ஓரத்தில் பச்சையாக இல்லை?"

"அது உங்க சட்டை கலர்."

சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மஞ்சள்தான். ஆனாலும் இன்று பாதித் தீனிதான் போட்டேன்.